முள்ளைச் சூழ்ந்த காவலர்கள்: இலியா மெச்னிகோவின் கதை

காலில் முள் குத்தினால் என்ன நடக்கும் என்பது நம் எல்லாருக்கும் தெரியும். குத்திய இடம் சிவக்கும், சூடாகும், வீங்கும், வலிக்கும். முள்ளை எடுக்காமல் விட்டால் சீழ் வைக்கும். பாட்டி மஞ்சள் பற்றுப் போட்டு, ஓடி ஆடாமல் உட்காரச் சொல்வார். சில நாள்களில் எல்லாம் ஆறிவிடும். நாமும் மறந்துவிடுவோம்.

இந்தச் சின்னச் சங்கதியை மறக்காமல் அதையே தன் வாழ்நாள் கேள்வியாக ஆக்கிக்கொண்டார் ஒருவர். அவர் மருத்துவர் அல்லர். கடலில் வாழும் சிற்றுயிர்களை ஆராய்ந்த விலங்கியல் அறிஞர். அவர் பெயர் இலியா மெச்னிகோவ். வெள்ளை அணு ஒன்று கிருமியை வளைத்து விழுங்கும் படத்தை உயிரியல் பாடத்தில் நாம் வரைந்திருப்போம். அந்தப் படத்துக்குப் பின்னால் இருப்பவர் அவர்தான்.

கொவிட்-19 காலத்தில் நாம் பள்ளி மாணவர்களாக வீட்டில் அடைந்து கிடந்தபோது, உலகின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் மருத்துவர்கள் திணறிய ஒரு கேள்விக்கும் அவர் வாழ்க்கைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. கிருமியை அழிக்க வரும் உடலின் படையே சில வேளைகளில் நோயாளியைக் கொன்றுவிடுகிறதே, அது ஏன் என்பதே அந்தக் கேள்வி.

காசு கொடுத்துப் பாடம் நடத்திய சிறுவன்

மெச்னிகோவ் 1845ஆம் ஆண்டு மே மாதம், இன்றைய உக்ரேனில் உள்ள கார்கிவ் நகருக்கு அருகே ஒரு சிற்றூரில் பிறந்தார். அப்போது அது ரஷ்யப் பேரரசின் பகுதி. வீட்டில் ஐந்து பிள்ளைகள், அவர் கடைக்குட்டி. தந்தை படை அதிகாரி. அறிவியலில் மகனுக்கு இருந்த நாட்டத்தைக் கண்டு ஊக்கம் கொடுத்தவர் தாயார் எமிலியா.

சிறு வயதிலேயே செடிகொடிகள், பூச்சிகள் என்றால் அவருக்கு அத்தனை ஆர்வம். தான் கற்றதை உடன்பிறந்தவர்களுக்கும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் பாடமாக நடத்துவார். கேட்க ஆள் வேண்டுமே? அதற்காகத் தன் கைக்காசைச் சில்லறையாகக் கொடுத்து அவர்களை உட்கார வைப்பாராம்.

கார்கிவ் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுப் படிப்பை இரண்டே ஆண்டுகளில் முடித்தார். அப்போது வயது 19. பிறகு ஜெர்மனியிலும் இத்தாலியிலும் ஆய்வு செய்தார். இருபதுகளின் தொடக்கத்திலேயே ஒடெஸா பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் பணி கிடைத்தது. அவருடைய மாணவர்களில் சிலர் அவரைவிட வயதில் மூத்தவர்கள்.

இருண்ட ஆண்டுகள்

இப்படி வேகமாக உயர்ந்தவரின் வாழ்க்கை அடுத்த சில ஆண்டுகளில் தடம்புரண்டது. 1869ஆம் ஆண்டு லுட்மிலா என்ற பெண்ணை மணந்தார். லுட்மிலாவுக்கு ஏற்கெனவே காசநோய். நடக்கக்கூட முடியாத நிலையில், நாற்காலியில் அமர்த்தித்தான் மணப்பெண்ணைத் திருமணத்துக்குக் கொண்டுவந்தார்கள். வெப்பமான இடங்களில் நோய் தணியும் என்ற நம்பிக்கையில் அவரை ஊர் ஊராக அழைத்துச் சென்றார் மெச்னிகோவ். பணமும் போதவில்லை, கண்பார்வையும் தொல்லை கொடுத்தது. நான்கு ஆண்டுகள் போராடியும் பலனில்லை. 1873ஆம் ஆண்டு மடேரா தீவில் லுட்மிலா இறந்தார்.

மெச்னிகோவ் நொறுங்கிப்போனார். தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தார். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஓல்காவை மணந்தார். ஆனால் 1880ஆம் ஆண்டு ஓல்காவையும் டைஃபாய்டு காய்ச்சல் கடுமையாகத் தாக்கியது. அவர் தேறிவந்த சில மாதங்களில், மனமுடைந்திருந்த மெச்னிகோவ், ஒருவகைத் தொற்றுக்காய்ச்சலால் பாதிக்கப்பட்டவரின் இரத்தத்தைத் தன் உடலில் செலுத்திக்கொண்டார். அந்தக் காய்ச்சல் இரத்தத்தின் வழியே தொற்றுமா என்று அறிவதும் அதன் நோக்கம். வாழ்வில் பிடிப்பு இல்லாததும் ஒரு காரணம். மரணத்தின் விளிம்புவரை சென்று மீண்டார்.

அந்த நோயிலிருந்து எழுந்தபோது வாழ்க்கைமீது ஒரு புதிய பற்று அவருக்கு வந்தது. அவருடைய பெரும்பணி எல்லாம் அதற்குப் பிறகு நடந்தவைதான். மனம் தளர்ந்திருக்கும் எவரும் இதை நினைத்துப் பார்க்கலாம். அவர் காலத்தில் இல்லாத ஆலோசனையும் உதவியும் இன்று நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன.

மெசினாவில் ஒரு ரோஜா முள்

1881ஆம் ஆண்டு ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாண்டர் கொல்லப்பட்டபின் பல்கலைக்கழகங்களில் அரசியல் கெடுபிடி முற்றியது. அடுத்த ஆண்டு மெச்னிகோவ் வேலையை விட்டு விலகினார். ஓல்காவுக்குக் குடும்பச் சொத்து கிடைத்திருந்தது. ஓல்காவின் தம்பி தங்கைகளையும் அழைத்துக்கொண்டு இத்தாலியின் சிசிலித் தீவில் உள்ள மெசினா நகருக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கே வீட்டின் வரவேற்பறையே அவருக்கு ஆய்வுக்கூடம்.

ஒருநாள் குடும்பத்தார் எல்லாரும் குரங்கு வித்தை பார்க்க சர்க்கஸுக்குப் போய்விட்டார்கள். மெச்னிகோவ் மட்டும் வீட்டில் நுண்ணோக்கியுடன் இருந்தார். நட்சத்திர மீனின் லார்வா கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் உடல் கொண்டது. அதன் உள்ளே சில அணுக்கள் தாமாகவே ஊர்ந்து திரிவதை அவர் கவனித்துக்கொண்டிருந்தார். இந்த அணுக்கள் உணவைச் செரிக்க மட்டும்தான் இருக்கின்றனவா, அல்லது உடலுக்குள் நுழையும் பகையையும் எதிர்க்கின்றனவா என்ற எண்ணம் திடீரென்று தோன்றியது. அப்படியானால், லார்வாவின் உடலில் ஒரு முள்ளைச் செருகினால் அவை அதைச் சூழ வேண்டும்.

வீட்டுத் தோட்டத்தில், பிள்ளைகளுக்காக ஒரு சிறிய மண்டரின் ஆரஞ்சு மரத்தைக் கிறிஸ்துமஸ் மரமாக அலங்கரித்திருந்தார்கள். அதே தோட்டத்து ரோஜாச் செடியிலிருந்து சில முட்களைப் பறித்து, லார்வாக்களின் தோலுக்கடியில் செருகிவிட்டுப் படுக்கப் போனார். ஆவலில் தூக்கம் வரவில்லை. மறுநாள் அதிகாலையில் பார்த்தபோது, ஊர்ந்து திரிந்த அணுக்கள் முள்ளைச் சுற்றித் திரண்டு நின்றன.

1882ஆம் ஆண்டின் இறுதியில், அவருடைய 37ஆம் வயதில் நடந்த சோதனை இது. விலையுயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை. பின்னர், கண்ணுக்குப் புள்ளியாகத் தெரியும் டாஃப்னியா என்ற நன்னீர் உயிரியை ஆராய்ந்தார். ஊசிபோன்ற பூஞ்சை வித்துகள் அதன் உடலுக்குள் நுழையும்போது வெள்ளை அணுக்கள் பாய்ந்து சென்று அவற்றை விழுங்குவதைக் கண்டார். அணுக்கள் வென்றால் டாஃப்னியா பிழைத்தது. பூஞ்சை முந்திக்கொண்டால் அது மடிந்தது. இந்த அணுக்களுக்கு, விழுங்கும் அணு என்று பொருள்படும் ஃபேகோசைட் என்ற கிரேக்கப் பெயர் சூட்டப்பட்டது.

அழற்சிக்குப் புதிய பொருள்

அவர் சொன்னது அன்றைய மருத்துவ உலகின் கருத்துக்கு நேர் எதிரானது. சிவத்தல், வீக்கம், சூடு, வலி ஆகிய நான்கையும் அழற்சியின் அடையாளங்களாக ரோமானியர் காலத்திலேயே செல்சஸ் எழுதிவைத்திருந்தார். ஆனால் அழற்சி என்பது உடலில் நேர்ந்த கோளாறு, இரத்தக் குழாய்கள் பழுதானதன் விளைவு என்றே 19ஆம் நூற்றாண்டு மருத்துவர்கள் பலர் நம்பினார்கள். வெள்ளை அணுக்களுக்குள் கிருமிகள் காணப்பட்டால், கிருமிகளை உடலெங்கும் சுமந்துசென்று பரப்புவதே அந்த அணுக்கள்தான் என்றார்கள். மெசினாவுக்கு வந்து சோதனையை நேரில் பார்த்த பெரும் மருத்துவ அறிஞர் ருடால்ஃப் ஃபிர்கோவும் அவரை ஊக்குவித்தாரே தவிர, எச்சரிக்கையாக இருக்கும்படி அறிவுறுத்தத் தவறவில்லை.

மெச்னிகோவின் வாதம் எளிமையானது. நட்சத்திர மீன் லார்வாவுக்கு இரத்தக் குழாயே கிடையாது. ஆனாலும் முள்ளைச் சுற்றி அணுக்கள் கூடின. ஆகவே அழற்சியின் உயிர்நாடி இரத்தக் குழாயின் பழுது ஆகாது. அந்நியப் பொருளை எதிர்த்து அணுக்கள் செய்யும் செயல்தான் அது. முதுகெலும்புள்ள உயிர்களில் இரத்தக் குழாய்கள் விரிந்து கசிவது, அந்த அணுக்களை விரைவாகக் களத்துக்குக் கொண்டுவருவதற்காகவே. அழற்சி பற்றி 1891ஆம் ஆண்டு அவர் ஆற்றிய விரிவுரைகள் அடுத்த ஆண்டு நூலாக வெளிவந்தன.

அதற்கு முன்பே அவர் பாரிஸில் குடியேறிவிட்டார். ஒடெஸாவில் வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்காகத் தொடங்கிய ஆய்வு நிலையத்துக்கு 1886ஆம் ஆண்டு அவரைத் தலைவராக்கினார்கள். ஆனால் மருத்துவப் பட்டம் இல்லாத ஒருவர் அதை நடத்துவதை உள்ளூர் மருத்துவர்கள் விரும்பவில்லை. 1888ஆம் ஆண்டு லூயி பாஸ்டர் தம் புதிய ஆய்வுக்கழகத்தில் இடமளித்தார். இறக்கும்வரை 28 ஆண்டுகள் மெச்னிகோவ் அங்கேயே பணியாற்றினார்.

நமக்கு நெருக்கமான ஒரு தொடர்பும் அந்தக் கழகத்துக்கு உண்டு. 1879ஆம் ஆண்டு பினாங்கில் பிறந்து கேம்பிரிட்ஜில் மருத்துவம் பயின்ற டாக்டர் வூ லியன் தே, தம் மேற்பயிற்சியின் ஒரு பகுதியை அங்கே பெற்றார். 1910-11இல் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியபோது, அது மூச்சுக்காற்றின் வழியே தொற்றுகிறது என்று கண்டு, துணி முகக்கவசத்தை அணியச் செய்தவர் அவர்தான்.

அணுவா, நீரா?

பாரிஸிலும் மெச்னிகோவுக்கு நிம்மதி இல்லை. 1890ஆம் ஆண்டு பெர்லினில் பெரிங், கித்தசாத்தோ இருவரும் தொண்டை அடைப்பான், வில்வாத நோய்களின் நஞ்சை முறிக்கும் பொருள்கள் இரத்த நீரில் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். இன்று அவற்றை எதிர்ப்பொருள்கள் என்கிறோம். உடலைக் காப்பது இரத்த நீரே, அணுக்கள் இல்லை என்று ஜெர்மானிய அறிஞர்கள் வாதிட்டார்கள். மாநாடுகளில் வாக்குவாதம் பறந்தது. எதிர்த்தரப்பு ஒரு சோதனையைக் காட்டினால், மெச்னிகோவும் அவருடைய மாணவர்களும் இன்னொன்றைச் செய்து பதில் தருவார்கள்.

இறுதியில் இரு தரப்பும் பாதி உண்மையைச் சொன்னதாகத் தெரியவந்தது. இரத்த நீரிலுள்ள பொருள்கள் கிருமியின்மேல் பூசிக்கொண்டால், வெள்ளை அணுக்கள் அதை எளிதில் விழுங்குகின்றன என்று இங்கிலாந்தின் ஆம்ரோத் ரைட் 1903ஆம் ஆண்டு காட்டினார். 1908ஆம் ஆண்டு மருத்துவ நோபெல் பரிசு அணுக்களின் பக்கம் நின்ற மெச்னிகோவுக்கும் இரத்த நீரின் பக்கம் நின்ற பால் எர்லிக்குக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

காவலரைச் சந்தேகித்த காவலர் தலைவர்

மெச்னிகோவைப் பற்றிப் படிக்கும்போது பலரும் அவருடைய தயிரோடு நின்றுவிடுவார்கள். பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் நஞ்சுதான் நம்மை மூப்படையச் செய்கிறது என்று அவர் கருதினார். பல்கேரிய மக்களின் புளித்த பாலில் உள்ள பாக்டீரியா அதைத் தடுக்கும் என்று நம்பி, தாமும் நாள்தோறும் அதைக் குடித்தார். ஐரோப்பாவெங்கும் தயிர் வியாபாரம் கொழித்தது. அவர் எதிர்பார்த்த அளவுக்கு ஆயுளை நீட்டும் ஆற்றல் தயிருக்கு இருப்பதாக நிரூபணமாகவில்லை.

ஆனால் அதே மூப்புக் கோட்பாட்டில் நாம் கவனிக்கவேண்டிய ஒரு கருத்து இருக்கிறது. வயதாகும்போது மேக்ரோபேஜ் என்ற பெரிய விழுங்கும் அணுக்கள் உடலின் நல்ல அணுக்களையே தின்னத் தொடங்குகின்றன என்றார் அவர். தலைமுடி நரைப்பதற்குக்கூட அவையே காரணம் என எழுதினார். நரை பற்றிய விளக்கம் தவறானது. என்றாலும், வேலியே பயிரை மேயக்கூடும் என்பதை, அந்த வேலியைக் கண்டுபிடித்தவரே அன்று யோசித்திருக்கிறார்.

1916ஆம் ஆண்டு ஜூலை மாதம், 71ஆம் வயதில், இதயநோயால் மெச்னிகோவ் காலமானார். அவருடைய அஸ்தி இன்றும் பாஸ்டர் ஆய்வுக்கழகத்தின் நூலகத்தில் ஒரு கலயத்தில் வைக்கப்பட்டிருக்கிறது.

நுரையீரலில் மேய்ந்த வேலி

அவர் மறைந்து இரண்டே ஆண்டுகளில், 1918ஆம் ஆண்டின் சளிக்காய்ச்சல் கொள்ளைநோய் உலகைச் சூறையாடியது. குறைந்தது 5 கோடிப் பேர் மாண்டதாகப் பிற்காலக் கணிப்புகள் கூறுகின்றன. பொதுவாகச் சளிக்காய்ச்சல் குழந்தைகளையும் முதியோரையும்தான் அதிகம் பலிகொள்ளும். அந்த ஆண்டோ, 20 முதல் 40 வயதுக்குட்பட்ட திடகாத்திரமானவர்கள் ஏராளமாக இறந்தார்கள். வைரஸைத் தொடர்ந்து வந்த பாக்டீரியா நிமோனியா பலரைக் கொன்றது. ஆனால் அது மட்டுமே காரணமா? அறிவியலாளர்கள் அந்த வைரஸை 2005ஆம் ஆண்டு ஆய்வுக்கூடத்தில் மறுபடியும் உருவாக்கினார்கள். அதைக் குரங்குகளுக்குச் செலுத்திய ஆய்வு 2007ஆம் ஆண்டு வெளிவந்தது. அவற்றின் நோய் எதிர்ப்பு அமைப்பு கட்டுக்கடங்காமல் செயல்பட்டு நுரையீரலைச் சிதைத்தது அதில் தெரியவந்தது.

இது எப்படி நடக்கிறது? நுரையீரலில் கோடிக்கணக்கான நுண்ணிய காற்றுப் பைகள் உள்ளன. அவற்றின் சுவர் மிக மெல்லியது. ஒருபுறம் காற்று, மறுபுறம் இரத்தம். வைரஸ் அங்கே நுழைந்ததும், மெச்னிகோவ் பெயரிட்ட அதே மேக்ரோபேஜ்களும் மற்ற அணுக்களும் சைட்டோகைன் எனப்படும் வேதிச் செய்திகளை அனுப்பி உதவிப்படையை அழைக்கின்றன. இரத்தக் குழாய்கள் கசிந்து வழிவிடுகின்றன. வெள்ளை அணுக்கள் வந்து சேர்கின்றன. காலில் முள் குத்திய இடத்தில் நடப்பதும் இதுதான்.

காலில் சற்று நீர் கோத்துக்கொண்டால் வீக்கம், அவ்வளவுதான். காற்றுப் பைக்குள் நீர் கோத்துக்கொண்டால் உயிர்வாயு இரத்தத்துக்குள் செல்ல வழியில்லை. அழைப்பு நிற்காமல் போய்க்கொண்டே இருந்தால், வந்த படை வைரஸோடு சேர்த்துக் காற்றுப் பையின் சுவரையும் அழிக்கிறது. நோயாளி படுக்கையிலேயே மூழ்குவதுபோல் மூச்சுத் திணறுவார். செயற்கை சுவாசக் கருவி தேவைப்படும்.

ஒரு பழைய மருந்து சொன்ன பாடம்

2020ஆம் ஆண்டு மருத்துவர்கள் முன்பிருந்த சிக்கல் இதுதான். அழற்சியை அடக்கினால் வைரஸ் பெருகிவிடுமோ? அடக்காவிட்டால் நுரையீரல் அழிந்துவிடுமோ? 2003ஆம் ஆண்டு சார்ஸ் பரவியபோது சில இடங்களில் ஸ்டீராய்டு மருந்துகளை அதிக அளவில் கொடுத்தார்கள். பிழைத்தவர்கள் சிலருக்கு எலும்பு பாதிக்கப்பட்டது. ஆகவே கருத்து வேறுபாடு கடுமையாக இருந்தது.

பிரிட்டனில் ரெக்கவரி என்ற பெரிய ஆய்வு இதற்கு விடை தேடியது. டெக்சாமெத்தசோன் என்ற விலை மலிவான பழைய ஸ்டீராய்டு மருந்தை, நாளுக்கு 6 மில்லிகிராம் வீதம் அதிகபட்சம் 10 நாள்களுக்கு 2,104 பேருக்குக் கொடுத்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற 4,321 பேருடன் ஒப்பிட்டார்கள். யாருக்கு மருந்து என்பதைக் குலுக்கல் முறையில் முடிவுசெய்தார்கள்.

செயற்கை சுவாசக் கருவியில் இருந்தோரில், வழக்கமான சிகிச்சை பெற்ற 41.4 விழுக்காட்டினர் 28 நாள்களுக்குள் இறந்தனர். மருந்து பெற்றோரில் அது 29.3 விழுக்காடாகக் குறைந்தது. உயிர்வாயு மட்டும் தேவைப்பட்டோரிடையே 26.2 விழுக்காடு 23.3 ஆனது. ஆனால் உயிர்வாயுகூடத் தேவைப்படாதவர்களுக்கு அந்த மருந்தால் பயன் எதுவும் தெரியவில்லை. கெடுதல் நேரும் வாய்ப்பையும் ஒதுக்கிவிட முடியவில்லை.

இந்தக் கடைசி முடிவைத்தான் நாம் நன்றாகக் கவனிக்க வேண்டும். நோயின் தொடக்கத்தில் படை தேவை. அதே ஆண்டு வெளிவந்த இன்னோர் ஆய்வில், கடுமையாக நோயுற்றோரில் சுமார் 10 விழுக்காட்டினரின் உடலில், வைரஸுக்கு எதிரான முதல் எச்சரிக்கை மணியான இன்டர்ஃபெரானையே முடக்கும் எதிர்ப்பொருள்கள் இருந்தது தெரியவந்தது. அவர்களுக்கு மணி ஒழுங்காக அடிக்கவில்லை. மற்ற பலருக்கோ அடித்த மணி நிற்கவில்லை. தொடக்கத்தில் குறைந்தாலும் ஆபத்து, பின்னால் மிகுந்தாலும் ஆபத்து. ஒரே மருந்து ஒருவரைக் காப்பாற்றுவதும் இன்னொருவருக்குக் கைகொடுக்காததும் அந்த நேரத்தைப் பொறுத்தது.

நமக்கு என்ன?

நோய் எதிர்ப்பு சக்தியைப் பல மடங்கு கூட்டும் என்று சொல்லி விற்கப்படும் மாத்திரைகளையும் பானங்களையும் நாம் தினமும் கைப்பேசியில் பார்க்கிறோம். கூட்டுவது எப்போதும் நல்லதா என்று கேட்க மெச்னிகோவின் கதை நமக்குக் கற்றுத்தருகிறது. அதேபோல, மீதமிருந்த ஸ்டீராய்டு மாத்திரையைச் சாதாரணக் காய்ச்சலுக்குத் தானாக எடுத்துப் போட்டுக்கொள்வது எவ்வளவு ஆபத்து என்பதையும் ரெக்கவரி ஆய்வின் எண்கள் சொல்கின்றன. தடுப்பூசியின் அருமையும் இங்கேதான் புரியும். அது படையைக் கூட்டுவதோடு நிற்காமல், யாரைத் தாக்க வேண்டும் என்று முன்கூட்டியே பயிற்சி கொடுக்கிறது. பயிற்சி பெற்ற படை சீக்கிரம் வரும், வேலையை முடித்துக்கொண்டு சீக்கிரம் திரும்பும்.

மெச்னிகோவ் எல்லாவற்றிலும் சரியாக இருந்தவர் அல்லர். தயிரில் தவறினார், நரையில் தவறினார், இரத்த நீரின் பங்கைக் குறைத்து மதிப்பிட்டார். ஆனாலும் தான் கண்டதைச் சோதித்துப் பார்க்காமல் விட்டதில்லை. வீட்டார் சர்க்கஸுக்குப் போன ஒரு நாளில் அவர் மனத்தில் எழுந்த கேள்விக்கு 138 ஆண்டுகளுக்குப் பிறகும் மருத்துவமனைக் கட்டில்களின் அருகே விடை தேடிக்கொண்டிருந்தார்கள். அடுத்த முறை காலில் முள் குத்தி வீங்கினால், வலியோடு சேர்த்து, உள்ளே கூடிநிற்கும் அந்தக் காவலர்களையும் ஒரு கணம் நினைத்துப் பாருங்கள்.